யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? உலாவியைத் தெரிவுசெய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி

யாழ்ப்பாணத்தில் ஆள்நடமாட்டம் மிகுந்த ஏதாவது ஒரு கொமினிகேஷன் கடையில், பொதுப் பாவனைக்கு விட்டிருக்கும் கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறை தற்செயலாகக் கண்ணில் பட்டால் திடுக்கிட்டுப் போவீர்கள். முன்பின் அறியாதவர்களின் அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டின் முதற்பக்கம், வங்கிக் கணக்கு அறிக்கை, யாரோ ஒரு பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு என்று எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். அவற்றை இறக்கியவர்களில் சிலர் கவனமானவர்கள். 'இன்கொக்னிட்டோ' சாளரத்தைத் திறந்துதான் வேலை பார்த்திருப்பார்கள். அதை மூடியதும் தடயம் எல்லாம் அழிந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்தச் சாளரம் அழிப்பது, எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்ற வரலாற்றையும், தளங்கள் உலாவியில் எழுதிவைக்கும் 'குக்கி' என்ற சிறு குறிப்புகளையும் மட்டுமே. இறக்கிய கோப்பைத் தொடாது. இணைய நிறுவனத்துக்கோ நீங்கள் போன தளத்துக்கோ உங்களை மறைக்கவும் மாட்டாது. கூகுளும் இதனால் வழக்கில் மாட்டியது. இன்கொக்னிட்டோவில் இருந்தபோதும் தங்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டியது என்று பயனர்கள் 2020இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கை, பில்லியன் கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024இல் ஒப்புக்கொண்டுதான் அந்த நிறுவனம் முடித்துக்கொண்டது.

ஆகவே 'எந்த உலாவி பாதுகாப்பானது' என்று கேட்பதற்கு முன், யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடமிருந்தா, இணைப்புத் தருபவரிடமிருந்தா, விளம்பர நிறுவனத்திடமிருந்தா, உலாவியைச் செய்தவரிடமிருந்தேயா? இந்த நான்குக்கும் நான்கு விதமான மருந்து. ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதற்குக் கேட்காது.

முதலில் அடிப்படை. இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து திரையில் காட்டும் மென்பொருள்தான் உலாவி. குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி, எட்ஜ், சாம்சங் போன்களில் ஏற்கெனவே இருக்கும் சாம்சங் இன்டர்நெட் எல்லாம் உலாவிகள். கூகுள் தேடல் ஓர் இணையத்தளம்; குரோம் அதே நிறுவனம் 2008இல் வெளியிட்ட உலாவி. குரோம் இல்லாமலும் கூகுளில் தேடலாம், கூகுள் இல்லாமலும் குரோமைப் பாவிக்கலாம்.

ஒவ்வோர் உலாவிக்குள்ளும் ஓர் இயந்திரம் இருக்கிறது. பக்கத்தின் நிரலைப் படித்து எழுத்தாகவும் படமாகவும் மாற்றுவது அதுதான். கடையில் பத்துப் பெயர்கள் தொங்கினாலும் இன்று எஞ்சியிருக்கும் பெரிய இயந்திரங்கள் மூன்றே: கூகுளின் பிளிங்க், அப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. குரோம், எட்ஜ், பிரேவ், ஒபேரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் பிளிங்க்கின் மேல் கட்டப்பட்டவை. அதற்கு அடித்தளமான குரோமியம் திறந்த மூலத் திட்டம் என்பதால் யாரும் எடுத்துத் தங்கள் உலாவியைக் கட்டலாம். பயர்பொக்ஸும் அதன் வழிவந்த சிலவும் மட்டும் கெக்கோவில் ஓடுகின்றன. ஐபோனில் கதை வேறு. அங்கே குரோம் என்று போட்டிருந்தாலும் பயர்பொக்ஸ் என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது அப்பிளின் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024 முதல் வேறு இயந்திரங்களுக்கும் அனுமதி உண்டு. பாரிஸில் இருக்கும் மச்சானின் ஐபோனுக்குக் கிடைத்த அந்தச் சலுகை இங்கிருக்கும் உங்கள் ஐபோனுக்கு இல்லை.

பக்கத்தில் இருக்கும் கண்கள்

நம்முடைய ஊரில் தனியுரிமைக்கு முதல் ஆபத்து கலிபோர்னியாவில் இல்லை. ஒரே போனை அம்மா, அண்ணன், தங்கை மூவரும் பாவிக்கும் வீட்டிலும், ஒரே கணினியில் நாளெல்லாம் ஆட்கள் மாறும் கடையிலும் இருக்கிறது. 2022இல் எரிபொருளுக்காகக் கியூஆர் பதிவு செய்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் எல்லாவற்றையும் எத்தனை பேர் கடைக் கணினியில் அடித்தார்கள். உலாவி அவற்றை 'அடுத்த முறைக்கு உதவியாக' நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே படிவத்தைத் திறந்து முதல் இலக்கத்தை அடித்ததும் உங்கள் இலக்கம் கீழே விரிந்து நிற்கும்.

இங்கே எந்த உலாவி என்பது முக்கியமே இல்லை. குரோமிலும் எட்ஜிலும் 'கெஸ்ட்' என்றொரு விருந்தினர் சாளரம் இருக்கிறது. கடைக்காரர் தன் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்கும் கணினியிலும் அவருடைய கணக்கோடு உங்கள் வேலை கலக்காமல் அது பிரித்து வைக்கும். அதைத் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்கிய கோப்பை நீங்களே அழியுங்கள், 'ரீசைக்கிள் பின்'னையும் காலியாக்குங்கள். பிரதி எடுப்பதற்காக வட்ஸ்அப் வெப்பைத் திறந்திருந்தால் அதிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். மறந்து வந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. போனிலுள்ள வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போனால் எந்தெந்தக் கணினியில் உங்கள் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று காட்டும். அங்கிருந்தே துண்டிக்கலாம். இதை வாசித்து முடித்ததும் ஒருமுறை பாருங்கள். எப்போதோ அச்செடுத்த கடை இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.

வீட்டுப் போனுக்கு இன்கொக்னிட்டோ போதும். அண்ணனுக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு தேடுவதற்கும், வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்படும் ஒன்றை வாசிப்பதற்கும் அது சரியான கருவி. அந்த அளவுக்குத்தான் அது உருவாக்கப்பட்டது.

இணைப்புத் தருபவர்

டயலொக், எஸ்.எல்.டி. மொபிட்டல், ஹட்ச் என்று எந்த இணைப்பு இருந்தாலும், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பக்கமும் அதன் வழியாகத்தான் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் இது பெரிய கவலையாக இருந்தது. இன்று அநேகமாக எல்லாத் தளங்களும் 'எச்.டி.டி.பி.எஸ்.' முறையில் குறியாக்கம் செய்து அனுப்புகின்றன. ஆகவே இடையில் இருப்பவருக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். அங்கே என்ன வாசித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது.

பூட்டு அடையாளம் இருந்தால் தளம் நேர்மையானது என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. வழி பாதுகாப்பானது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. வழியின் முடிவில் இருப்பவர் கள்ளனா நல்லவனா என்று அதற்குத் தெரியாது. போலி வங்கித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது. அன்று அவசரத்துக்கு இறக்கிய இலவச வி.பி.என். செயலி இன்னும் போனில் இருந்தால் அகற்றிவிடுவது நல்லது. வி.பி.என். உங்களை மறைப்பதில்லை, நம்ப வேண்டிய ஆளைத்தான் மாற்றுகிறது. இணைப்பு நிறுவனம் பார்த்ததை இனி வி.பி.என். நிறுவனம் பார்க்கும். இலங்கையில் உரிமம் பெற்ற நிறுவனத்தை விட, முகவரி தெரியாத ஓர் இலவசச் செயலியை ஏன் அதிகம் நம்ப வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல பதில் இல்லை.

டேட்டாவை மிச்சம் பிடிக்கும் ஒபேரா மினியையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 'எக்ஸ்ட்ரீம்' என்ற மிகைச் சேமிப்பு முறையில், பக்கம் முதலில் ஒபேராவின் வழங்கிக்கு, அதாவது அந்த நிறுவனத்தின் கணினிக்கு, போய், அங்கே சுருக்கப்பட்டு, பிறகுதான் உங்களிடம் வருகிறது. நெடுந்தீவில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது செய்தி வாசிக்க அதைப் போல் உதவுவது வேறில்லை. ஆனால் இடையில் ஒருவர் பக்கத்தைத் திறந்து சுருக்குகிறார் என்றால் அதில் இருப்பதை அவரால் பார்க்கவும் முடியும். அந்த முறையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். குரோமிலும் இப்படி 'லைட்' முறை ஒன்று இருந்தது. 2022இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது.

விளம்பரக்காரர்

இதுதான் உலாவித் தெரிவு உண்மையில் வேலை செய்யும் இடம். எனவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

குக்கி என்பது ஒரு தளம் உங்கள் உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். இணையக் கடையில் கூடையில் போட்ட பொருளை, அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கடை நினைவில் வைத்திருக்க ஒரு வழி தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான். இன்றும் நீங்கள் மின்னஞ்சலில் உள்நுழைந்தால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்குக் குக்கியே காரணம்.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் மரண அறிவித்தல் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. காரைநகரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட ஒருவரின் அறிவித்தலைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரம் இருக்கிறது. அது அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. ஒரு விளம்பர நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருகிறது. வரும்போது தன் குக்கி ஒன்றையும் வைத்துவிடுகிறது. பிறகு ஓர் உள்ளூர்ச் செய்தித் தளத்துக்குப் போகிறீர்கள். அங்கேயும் அதே நிறுவனத்தின் விளம்பரம். அது தான் முன்னர் வைத்த குக்கியை அடையாளம் காண்கிறது. மத்தியானம் விமானச் சீட்டு விலை பார்க்கிறீர்கள், மாலையில் திருமண மண்டபம். எல்லா இடத்திலும் அதே ஆள் வாசலில் நிற்கிறார். உங்கள் பெயர் அவருக்குத் தேவையில்லை. கனடாவில் உறவுகள் உள்ள, கட்டுநாயக்கவிலிருந்து பறக்க எண்ணும், வீட்டில் கலியாணம் வரப்போகும் ஒருவர் என்ற குறிப்பு போதும். அதற்குத்தான் சந்தையில் விலை.

இதற்குப் பெயர் மூன்றாந்தரப்புக் குக்கி. சஃபாரி 2020இலேயே இதை முழுமையாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிச் சாடியில் அடைத்து, ஒரு தளத்தில் வைத்ததை இன்னொன்றில் வாசிக்க முடியாதபடி செய்துவிட்டது. பிரேவ் தொடக்கத்திலிருந்தே விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கிறது. கூகுளோ 2020இல் குரோமிலிருந்து இதை நீக்கப்போவதாக அறிவித்தது, பிற்போட்டது, மறுபடி பிற்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. காரணம் தேட வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆடு வளர்ப்பவனிடம் இலை தழைக்கு வேலி போடச் சொன்னால் வேலையைத் தொடங்குவான், முடிக்கமாட்டான். ஆனாலும் குரோமின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாந்தரப்புக் குக்கிகளை நீங்களே தடுக்கலாம். குரோமைத்தான் பாவிப்பேன் என்பவர்கள் இன்றே செய்யக்கூடியது இது.

குக்கியைத் தடுத்தாலும் 'கைரேகை' எடுப்பது என்று ஒரு முறை இருக்கிறது. திரையின் அளவு, நேர வலயம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள் போன்ற சிறுசிறு தகவல்களைச் சேர்த்தால் உலகத்தில் உங்களைப் போல் இன்னொரு கணினி இருப்பது அபூர்வமாகிவிடும். இதில் நம்மவர்களுக்கென்று ஒரு விசேட பிரச்சினை இருக்கிறது. பாமினியும் அதோடு இன்னும் இருபது முப்பது தமிழ் எழுத்துருக்களும் நிறுவிய கணினி யாழ்ப்பாணத்துப் பதிப்பகத்தில் சாதாரணம். உலக அளவில் அது ஆயிரத்தில் ஒன்றுகூட இராது. எழுத்துருப் பட்டியலை எட்டிப் பார்க்கும் ஒரு நிரலுக்கு அந்தக் கணினி நெற்றியில் பொட்டு வைத்தாற்போலத் தெரியும்.

டோர் உலாவி இதற்குக் கடுமையான மருந்து தருகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு சிறு எழுத்துருப் பட்டியலை மட்டுமே தளங்களுக்குக் காட்டும். அத்தோடு உங்கள் இணைப்பையும் உலகின் வெவ்வேறு இடங்களில் உள்ள மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும். ஊடகவியலாளர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் அது அருமருந்து. மற்றவர்களுக்கு அதன் மெதுவும், தளங்கள் பல அதைச் சந்தேகத்தோடு பார்த்து உள்ளே விட மறுப்பதும் இரண்டாம் நாளே அலுத்துவிடும். நாளாந்தப் பாவனைக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு மென்பொருளுக்கு நீட்சி என்று பெயர். விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சிகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது 'யூபிளொக் ஒரிஜின்' ஒன்றுதான். இலவசம், திறந்த மூலம், தன் சொந்த விளம்பர வியாபாரம் எதுவும் இல்லாதது. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் அதன் முழுமையான வடிவம் இப்போது அங்கே ஓடுவதில்லை; 'லைட்' என்ற சுருங்கிய வடிவம் மட்டுமே கிடைக்கிறது. பயர்பொக்ஸில் முழுமையாக ஓடுகிறது. அதைவிட முக்கியம், அன்ட்ரொயிட் போனில் உள்ள பயர்பொக்ஸிலும் ஓடுகிறது. போனில் உள்ள குரோமில் நீட்சிகளே கிடையாது. விளம்பரப் படமும் காணொளியும் இறங்காததால் டேட்டாவும் மிச்சமாகும். பொதி வாங்கிப் பாவிப்பவர்களுக்குத் தனியுரிமையை விட இந்த வாதம் சீக்கிரம் புரியும்.

மற்ற நீட்சிகளில் கைவைக்குமுன் யோசியுங்கள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் நீட்சி, நீங்கள் வங்கித் தளத்தில் இருக்கும்போதும் வாசிக்கும். 'தி கிரேட் சஸ்பென்டர்' என்ற நீட்சி பல வருடங்கள் நல்ல பெயரோடு இருந்து, கைமாறி, கெட்ட நிரல் புகுந்துவிட்டதால் 2021இல் கூகுள் அதை நீக்க வேண்டியதாயிற்று. ஆடை மாற்றும் வேகத்தில் நீட்சிகள் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள்.

பேஸ்புக் செயலிக்குள் ஒரு செய்தியைத் தொட்டால் அது உங்கள் உலாவியில் திறப்பதில்லை. பேஸ்புக்கின் உள்ளேயே இருக்கும் சிறு உலாவியில் திறக்கிறது. நீங்கள் பயர்பொக்ஸில் போட்ட பாதுகாப்பு எதுவும் அங்கே செல்லாது. மூன்று புள்ளிப் பட்டியலில் 'வெளி உலாவியில் திற' என்ற தெரிவு இருக்கும். கடவுச்சொல் கேட்கும் எந்தப் பக்கத்தையும் அப்படித் திறந்த பிறகே நிரப்புங்கள்.

உலாவியைச் செய்தவர்

இங்கே புனிதர் யாரும் இல்லை. குரோம் உங்கள் கூகுள் கணக்கோடு பிணைய விரும்புகிறது. எட்ஜ் மைக்ரோசொப்டின் சேவைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விண்டோஸைப் புதுப்பிக்கும் நாட்களில் அதன் உபசாரம் தாங்க முடியாது. பிரேவை நிறுவியவர்களில் ஒருவர் பிரென்டன் ஐக். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் உருவாக்கியவரும், மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். அவருடைய உலாவி 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடிக்கும்போது தனக்குத் தரகு வரும் இணைப்பைச் சேர்த்துப் பிடிபட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டது. பயர்பொக்ஸை வெளியிடும் மொசில்லா இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமானது; ஆனாலும் அதன் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். 2025 பெப்ரவரியில் உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற பழைய வாக்குறுதியின் சொற்களை மாற்றப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகும் நான் பயர்பொக்ஸின் பக்கமே நிற்கிறேன். காரணம் தனியுரிமை மட்டும் அல்ல. மூன்று இயந்திரங்களில் கெக்கோவும் போய்விட்டால், ஓர் இணையப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தீர்மானிக்கும். ஒரே நிறுவனம் ஆண்ட காலத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறோம்.

பொருந்தாமை

அந்தக் காலம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருடையது. 1995இல் வந்து, சந்தையை விழுங்கி, பிறகு வருடக்கணக்கில் தூங்கியது. 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்று அடியில் எழுதிய தளங்கள் எங்கும் இருந்தன. தமிழில் இது இன்னும் மோசமாக இருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் பரவாத அந்நாளில் ஒவ்வொரு தளமும் தன் எழுத்துருவைத் தானே அனுப்பியது. அப்படி அனுப்பும் எழுத்துருக் கோப்பு வகை ஒன்று அந்த ஒரே உலாவியில்தான் வேலை செய்தது. வேறு உலாவியில் திறந்தவர்களுக்குத் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குவியல், குற்றுக்குப் பதில் அரைப்புள்ளி. பாமினியில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு அந்தக் குவியலைப் பார்த்தே வாசிக்கும் வித்தை கைவந்தது.

மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு விடைகொடுத்தது. பழைய தளங்களுக்காக எட்ஜுக்குள் அதன் முறை ஒன்றை 2029 வரையாவது வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. இன்றைக்கும் பாமினியில் எழுதப்பட்ட பழைய பக்கமோ கோப்போ குப்பையாகத் தெரிந்தால் உலாவியை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவ வேண்டும், அல்லது உரையை எடுத்து யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் தளம் ஒன்றில் ஒட்ட வேண்டும்.

இன்றைய பொருந்தாமை வேறு வகை. தளத்தைச் செய்பவர் குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். பெறுபேறு பார்ப்பது, செய்தி வாசிப்பது, காணொளி பார்ப்பது என்று பெரும்பாலானவை எந்த உலாவியிலும் ஓடும். தகராறு செய்வது பெரும்பாலும் பல பக்கங்களைக் கொண்ட விண்ணப்பப் படிவங்களும் கட்டணம் செலுத்தும் பக்கங்களும்தான். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பதற வேண்டாம். விளம்பரத் தடுப்பியை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். பாதிக் கேஸ்கள் அங்கேயே தீரும். தீராவிட்டால் குரோமிலோ எட்ஜிலோ திறவுங்கள். போனில் சிக்கினால் பட்டியலில் 'டெஸ்க்டொப் சைட்' தெரிவைப் போட்டுப் பாருங்கள்.

அதனால் ஒரே உலாவியோடு வாழ வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. கணினியில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். யூபிளொக் ஒரிஜின் போட்ட பயர்பொக்ஸ், வாசிப்புக்கும் தேடலுக்கும் மரண அறிவித்தலுக்கும். நீட்சி எதுவும் போடாத குரோமோ எட்ஜோ, வங்கிக்கும் அரச படிவங்களுக்கும். இதில் இன்னொரு லாபம், வங்கித் திரையை வாசிக்கக்கூடிய நீட்சி எதுவும் அங்கே இல்லை. அமைப்புகளுக்குள் போக விருப்பமில்லாத அப்பா அம்மாவின் அன்ட்ரொயிட் போனுக்குப் பிரேவ் பொருத்தம். நிறுவியதுமே தடுப்பு ஓடத் தொடங்கும், பக்கங்களும் குரோமில் போலவே தெரியும். அது காட்டும் கிரிப்டோ வெகுமதி அழைப்பை மட்டும் மூடிவிடுங்கள். ஐபோன்காரர்கள் சஃபாரியிலேயே இருக்கலாம்.

பழைய கணினிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இங்கே இன்னும் குறையவில்லை. அதில் குரோமும் எட்ஜும் 2023இல் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. பயர்பொக்ஸ் மட்டும் 115ஆம் பதிப்பின் நீடித்த வடிவத்துக்கு அதன்பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் தந்து வந்தது. புதுப்பிப்பு நின்ற உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை விடப் போனில் திறப்பது எவ்வளவோ மேல். விண்டோஸ் 10க்கும் மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

வசதிகள் பற்றிக் கொஞ்சம். தாவல்கள், புத்தகக்குறிகள், போனுக்கும் கணினிக்கும் இடையில் ஒத்திசைவு எல்லாம் எல்லா உலாவியிலும் உண்டு, அவற்றை வைத்துத் தெரிவுசெய்யத் தேவையில்லை. எட்ஜில் மட்டும் ஒன்று மனத்தைக் கவர்கிறது: பக்கத்தை உரக்க வாசிக்கும் வசதி. அதன் குரல்களில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு இருக்கின்றன. கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்குச் செய்தி கேட்க வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் குரல்கள் மைக்ரோசொப்டின் வழங்கியில் உருவாகின்றன, அதாவது வாசிக்கும் உரை அங்கே போய் வருகிறது. செய்திக்குச் சரி, மருத்துவ அறிக்கையை அப்படி வாசிக்க வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். குரோமின் மொழிபெயர்ப்பும் அப்படித்தான், பக்கத்தின் உரை கூகுளுக்குப் போகிறது.

கடவுச்சொல் சேமிப்பை மட்டும் தயங்காமல் பாவிக்கச் சொல்வேன், உங்கள் சொந்தக் கருவியில். எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவதை விட அது நல்லது. இன்னொரு நன்மை பலருக்குத் தெரியாது. உலாவி கடவுச்சொல்லைத் தள முகவரியோடு சேர்த்தே நினைவில் வைக்கும். பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தியில் உள்ள போலித் தளம் உங்கள் கண்ணை ஏமாற்றலாம். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி ஏமாறாது, கடவுச்சொல்லை நிரப்பாமல் சும்மா இருக்கும். வழக்கமாகத் தானாக நிரம்பும் பெட்டி வெறுமையாக இருந்தால் கையை எடுத்துவிட்டு முகவரியைப் பாருங்கள்.

அறிவித்தல் அனுமதி கேட்கும் தளங்களுக்கு 'இல்லை' என்பதையே பழக்கமாக்குங்கள். போனில் வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்பவர்களின் போனில் பெரும்பாலும் வைரஸ் இருப்பதில்லை. எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்திருப்பார்கள், அது விளம்பரத்தை எச்சரிக்கை வேடத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும். உலாவியின் அமைப்புகளில் அறிவித்தல் பகுதிக்குப் போய் அந்தத் தளங்களை நீக்கினால் போதும்.

உலாவியை மாற்ற முடிவுசெய்தால் பழைய புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் தொலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கணினியில் பயர்பொக்ஸை முதன்முதல் திறக்கும்போதே குரோமிலிருந்து எடுத்து வரவா என்று கேட்கும். போனில் இன்னொரு வேலை இருக்கிறது. நிறுவினால் மட்டும் போதாது. வட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பைத் தொட்டால் பழைய உலாவியே திறக்கும். அன்ட்ரொயிட்டில் அமைப்புகளுக்குள் 'செயலிகள்', அதற்குள் 'இயல்புச் செயலிகள்' என்ற இடத்துக்குப் போய் உலாவியை மாற்றிவிடுங்கள். ஐபோனிலும் அமைப்புகளுக்குள் அந்த உலாவியின் பெயரைத் தொட்டால் அதே தெரிவு கிடைக்கும்.